ஈசிஆர் உப்புக் காத்துல ரெண்டு ஸ்டீல் ஃப்ரேம் போச்சு, டைட்டானியத்துக்குப் போகலாமா?

#1 முட்டுக்காடு_காலை

வணக்கம். கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க.

வீடு திருவான்மியூர், பீச்சுக்கு மூணு தெரு உள்ள. பன்னெண்டு வருஷமா வாரத்துல நாலு நாள் விடியக்காலை கிளம்பி ஈசிஆர்ல முட்டுக்காடு, லீவு நாள்னா மாமல்லபுரம், வருஷத்துக்கு ரெண்டு மூணு பிரவே, அதான் குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கற நெடுந்தூர ரைடு. இதுவரைக்கும் ரெண்டு ஸ்டீல் ஃப்ரேம், ரெண்டும் துருவுக்குத்தான் போச்சு. முதல் ஃப்ரேம் போனப்ப நான் சரியா பாத்துக்கலைன்னு நெனச்சேன். அதனால ரெண்டாவதுல எதையும் விடலை, ஒவ்வொரு ரைடுக்கும் அப்புறம் ஈரத்துணி, அப்புறம் காஞ்ச துணி, ஐப்பசி மழைக்கு முன்னாடி ட்யூபுக்குள்ள ஆளி விதை எண்ணெய் விட்டு ஃப்ரேமைத் திருப்பித் திருப்பி வச்சு காய வைப்பேன். அப்படியும் போன மாசம் மரக்காணம் போய்ட்டு திரும்பறப்ப கோவளம் தாண்டி எழுந்து நின்னு மிதிச்சா கீழ்ப்பக்கமிருந்து ஒரு முனகல். பெடல்னு நெனச்சு வீடு வந்து சேந்துட்டேன். பெடல் அச்சு உக்கார்ற பாட்டம் பிராக்கெட்டைக் கழட்டினா காஃபி டிகாக்‌ஷன் மாதிரி ஒரு ஸ்பூன் தண்ணி ஊத்துச்சு, கூடவே செதில் செதிலா துரு. அங்கேருந்து பின்வீலுக்குப் போற குழாய், செயின் ஸ்டே, சேர்ற இடத்துல பெயிண்ட் லேசா உப்பியிருந்தது, ஸ்க்ரூடிரைவரால தொட்டேன், குத்தக்கூட இல்லை, உள்ள போயிடுச்சு. அந்த இடத்து மேலதான் 110 கிலோமீட்டர் உக்காந்து வந்திருக்கேன்னு நெனச்சா இப்பவும் கை நடுங்குது.

இப்ப வயசு 46. இன்னும் இருபது வருஷம் ஓட்டணும்னு ஆசை. டைட்டானியம் துருப்பிடிக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா விலையைப் பாத்தா மலைப்பா இருக்கு. ஓட்டுறவங்க யாராவது உண்மையா சொல்லுங்க, துரு விஷயம் அப்படியேதானா, ஓட்டம் எப்படி இருக்கும், நாளைக்கு விரிசல் விட்டா தமிழ்நாட்டுல யார்கிட்ட கொண்டு போறது.

#2 பட்ஜெட்_பெடல்

அண்ணா உங்க அனுபவத்தைப் படிச்சதும் என் சைக்கிளைத் திருப்பிப் போட்டு டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், அலுமினியம் ஏன் பாக்கலை? ஸ்டீல் மாதிரி துருப்பிடிக்காது, டைட்டானியம் ஃப்ரேம் ஒண்ணோட காசுல நல்ல அலுமினிய ஃப்ரேம் மூணு வாங்கலாம், ஏழு வருஷத்துக்கு ஒண்ணுன்னு மாத்தினாலே உங்க இருபது வருஷம் ஓடிடும். மிச்சக் காசுல நல்ல வீல்செட் போடலாம். நான் வேளச்சேரில இருக்கேன், அஞ்சு வருஷமா அலுமினியம்தான், போல்ட்டுங்க துருப்பிடிச்சதே தவிர ஃப்ரேமுக்கு ஒண்ணும் ஆகலை.

#3 32எம்எம்_டயர்

பட்ஜெட் தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு, அதை யாரும் தள்ளிட்டுப் போக வேண்டாம். நான் மூணு மெட்டீரியலும் ஓட்டினவன், இப்ப ஓட்டுறது டைட்டானியம், அதனால ஓட்டத்தைப் பத்தி மட்டும் சொல்லிடறேன்.

டைட்டானியம்னா மேகத்துல மிதக்கற மாதிரி இருக்கும், ரோட்டோட அதிர்வையெல்லாம் ஃப்ரேமே குடிச்சிடும்னு சொல்வாங்க. வாங்கின புதுசுல நானும் அப்படித்தான் நம்பினேன். அப்புறம் ஒரு நாள் பழைய ஸ்டீல் சைக்கிளோட 25 எம்எம் டயரையும் வீலையும் அப்படியே இதுல மாட்டி, அதே 100 பிஎஸ்ஐ காத்தடிச்சு, அதே ரோட்டுல போனேன், கை மரத்துப் போச்சு. மறுவாரம் 32 எம்எம் டயர், 60 பிஎஸ்ஐ. அப்பத்தான் புரிஞ்சது எது மிதந்துச்சுன்னு. கணக்குப்படி பாத்தாலும் அப்படித்தான், முக்கோணம் ரெண்டு சேந்த ஃப்ரேம் மேலேருந்து கீழ அமுங்கறது மில்லிமீட்டர்ல ஒரு துணுக்குதான், டயர் பல மில்லிமீட்டர் அமுங்கும், சீட் போஸ்ட் நீளமா வெளிய இருந்தா அதுவும் நல்லாவே வளையும். இன்னொண்ணு, டைட்டானியம் சைக்கிள்னு விக்கறதுல பெரும்பாலும் ஃபோர்க் கார்பன்தான், அப்ப உங்க கைக்கு வர்ற சுகம் டைட்டானியத்தோடதே கிடையாது.

ஆனா வித்தியாசமே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். பக்கவாட்டுல, அதாவது எழுந்து நின்னு மிதிக்கறப்ப, ஒரு மாதிரி துள்ளல் இருக்கு. டைட்டானியத்தோட விறைப்பு ஸ்டீல்ல பாதிதான், ஸ்டீல் 200 ஜிகாபாஸ்கல்னா இது 110 கிட்ட, எடையும் ஸ்டீல்ல பாதிக்குக் கொஞ்சம் மேல. அதனால ஸ்டீல் அளவுக்கே ட்யூப் போட்டா தொளதொளன்னு இருக்கும், குண்டான ட்யூப் போட்டா விறைப்பு ஏறிடும். சுகமா விறைப்பாங்கறதை ஃப்ரேம் கட்டுறவர் ட்யூப் அளவுல முடிவு பண்றார், உலோகம் தானா பண்றதில்லை.

வாங்கறதா இருந்தா துருவுக்காக வாங்குங்க, சுகத்துக்காகன்னா முதல்ல டயரை மாத்துங்க.

#4 ஸ்காபரோ_சைக்கிள்

அண்ணை, நான் டொரண்டோவில இருக்கிறன். உங்களுக்குக் கடல் உப்பு எண்டா எங்களுக்கு ரோட்டு உப்பு. இஞ்ச பனிக்காலம் முழுக்க ரோட்டில உப்புப் போடுவினம், அந்த உப்புத் தண்ணி நாலு மாசம் சைக்கிளிலதான் கிடக்கும். 2014இல வாங்கின டைட்டானியம் ஃப்ரேம், பத்துப் பனிக்காலத்துக்கு மேல கண்டிட்டுது, ஃப்ரேமில ஒரு பொட்டுத் துருவும் இல்லை. பெயிண்டும் இல்லை, வெறும் உலோகம்தான். செயின், கேபிள், போல்ட் எல்லாம் வருசத்துக்கு வருசம் மாத்திறன், ஃப்ரேம் அப்பிடியே கிடக்கு.

ஆனா ஒரு பிழை விட்டன், அதை நீங்கள் விடக்கூடாது எண்டுதான் எழுதிறன். சீட் போஸ்ட் அலுமினியம். முதல் தரம் பூட்டேக்க சாதாரண கிரீஸ் கொஞ்சம் பூசினது, அதோட மூண்டு வருசம் கழட்டேல்லை. உப்புத் தண்ணி உள்ளுக்க போச்சு எண்டா ரெண்டு உலோகமும் சேந்து பற்றரி மாதிரி வேலை செய்யும், டைட்டானியத்துக்கு ஒண்டும் நடக்காது, அலுமினியம்தான் தின்னுப்பட்டு வெள்ளைத் தூளா ஊதும், ஊதி ட்யூபுக்குள்ள இறுகிப் போகும். சீட்டைத் திருப்பினா சீட்டோட சேந்து முழு சைக்கிளும் திரும்புது, போஸ்ட் அசையேல்லை. ஐஸ் வச்சுப் பாத்தன், அமோனியா ஊத்தி ரெண்டு நாள் விட்டுப் பாத்தன், ஒண்டும் சரிவரேல்லை. கடைசியா போஸ்டை மேலால வெட்டிப்போட்டு, ஹாக்ஸா பிளேட்டில துணியைச் சுத்திக் கையில பிடிச்சு, உள்ளுக்க விட்டு நெடுக அறுத்தன். ஒவ்வொரு இழுவைக்கும் ட்யூபில படுதோ எண்டு பயம், ஒரு அரை மணித்தியாலம் அறுத்தா ஒரு நகக் கண் ஆழம். மூண்டு பின்னேரம் போச்சு. ரெண்டு கீறல் போட்டு நடுத்துண்டை உள்பக்கமா மடிச்சு குறட்டால இழுக்க அப்பிடியே கழண்டு வந்திட்டுது. ட்யூபின்ர உள்பக்கம் புதுசு மாதிரி மினுங்கினது.

அதுக்குப் பிறகு ஆன்டி-சீஸ் பேஸ்ட், அதாவது உலோகம் இறுகிப் பிடிக்காமல் இருக்கப் பூசிற பசை, பூசி, மாசம் ஒருக்கா கழட்டித் துடைச்சுத்தான் பூட்டுறன்.

#5 முட்டுக்காடு_காலை

ஸ்காபரோ அண்ணே, ரொம்ப நன்றி, இது எந்தக் கடைலயும் யாரும் சொல்லாத விஷயம். 32எம்எம் சார், டயர் விஷயம் மனசுல ஏறிடுச்சு, நான் இத்தனை வருஷமும் 25லதான் ஓட்டறேன்.

பட்ஜெட் தம்பி, நீங்க சொல்ற கணக்கு சரிதான். எனக்குத் தயக்கம் என்னன்னா மூணாவது ஃப்ரேமையும் ஒரு நாள் தூக்கிப் போடப் போறோம்னு தெரிஞ்சே வாங்க மனசு வரலை. அலுமினியத்துக்கு ஃபட்டீக் லிமிட் கிடையாதுன்னு படிச்சேன், எவ்வளவு சின்ன சுமையா இருந்தாலும் கோடி தடவை வந்தா ஒரு நாள் விரிசல் விடும், ஸ்டீலுக்கும் டைட்டானியத்துக்கும் ஒரு அளவுக்குக் கீழ சுமை இருந்தா எத்தனை தடவை வந்தாலும் தாங்கும்னு. இது நெஜமா வெறும் விளம்பரமா? வெல்டிங் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#6 கண்டென்சர்_வெல்டர்

நான் சைக்கிள்காரன் இல்லைங்க, என் பையன் ஓட்டுறான், அவன்தான் இந்த இழையைக் காட்டினான். 24 வருஷமா டைட்டானியம் வெல்டிங்தான் தொழில், ஹீட் எக்ஸ்சேஞ்சர் பண்ற ஃபேக்டரி. கடலோரம் இருக்கிற பவர் பிளான்ட்ல கடல் தண்ணி ஓடற கண்டென்சருக்கு டைட்டானியம் குழாய் போடறாங்களே, அந்த வேலை. அதனால துருவைப் பத்தி ஒரே வரில சொல்லிடறேன், கடல் தண்ணியே வருஷக்கணக்கா உள்ள ஓடியும் ஒண்ணும் ஆகாத உலோகத்தை உங்க ஈசிஆர் காத்து ஒண்ணும் பண்ணாது. மேல ஒரு ஆக்சைடு தோல் இருக்கு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு, கீறினாலும் அடுத்த நொடியே காத்துல திரும்ப வந்துடும். ஸ்டீல்ல பெயிண்ட் போனா போனதுதான், இதுல தோல் தானா வளருது.

ஃபட்டீக் கேட்டீங்க. நீங்க படிச்சது சரி, ஆனா அது வழவழன்னு கடைஞ்ச சாம்பிள் கம்பிக்கு லேப்ல சொல்றது. ஃப்ரேம்ல வெல்டு இருக்கு, வெல்டு ஓரத்துல சுமை ஒரே இடத்துல குவியும். விரிசல் வர்றதும் பெரும்பாலும் வெல்டு மேல இல்லை, வெல்டுக்கு ஒட்டின ஓரத்துல, சூடு வாங்கின இடத்துல. அதனால டைட்டானியம் நல்லதா கெட்டதான்னு கேக்கறதைவிட யார் வெல்டு பண்ணினாங்கன்னு கேளுங்க.

ஏன்னா இந்த உலோகம் சூடாறப்ப காத்துல இருக்கிற ஆக்சிஜன், நைட்ரஜன் எல்லாத்தையும் பஞ்சு தண்ணி குடிக்கற மாதிரி குடிச்சிடும். குடிச்சா பார்வைக்கு நல்லாவே இருக்கும், ஆனா அப்பளம் மாதிரி ஆயிடும், உடையற வரைக்கும் தெரியாது. அதனால டார்ச்சுல வர்ற ஆர்கான் மட்டும் போதாது. ட்யூபோட ரெண்டு முனையையும் அடைச்சு உள்ளயும் ஆர்கான் நிரப்பணும், வெல்டு நகர்ந்தப்புறமும் ஆர்ற வரைக்கும் பின்னாடியே ஆர்கான் பாயணும். வெறும் கையால தொட்டா விரல் ரேகைல இருக்கிற வேர்வையும் எண்ணெயுமே போதும் கெடுக்க. எங்க ஷெட்டுல ஃபேன் போட மாட்டோம், சித்திரை வெயில்லயும் கதவைச் சாத்திட்டுத்தான் வேலை, ஒரு காத்து வீசினா ஆர்கான் போர்வை கலைஞ்சிடும்.

வெல்டோட நிறமே கதை சொல்லும். வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்தா நல்லது, இளம் வைக்கோல் நிறம் பரவாயில்லை. நீலம், ஊதா வந்தா கேள்வி கேக்கணும். சாம்பல் நிறமோ வெள்ளைப் பொடியோ இருந்தா அந்த வெல்டை வெட்டி எறிய வேண்டியதுதான். ஆனா ஒரு எச்சரிக்கை, வெளிப்பக்க நிறத்தை பிரஷ் போட்டுத் தேய்ச்சு எடுத்துடலாம். அதனால ஃப்ரேம் வந்ததும் பாட்டம் பிராக்கெட் வழியா, சீட் ட்யூப் வழியா டார்ச் அடிச்சு உள்பக்கம் பாருங்க. உள்ள யாரும் பிரஷ் போட முடியாது. என் பையன் ஃப்ரேமை அப்படித்தான் பாத்தேன், உள்ள முழுக்க வெள்ளி நிறம், அந்த வெல்டரை நேர்ல பாத்தா கை குடுக்கணும்னு தோணுச்சு.

#7 நாலு_பதினொண்ணு

வெல்டர் அண்ணே, இப்படி எழுத ஆள் வர்றதுக்குத்தான் இந்த இடத்துல இருக்கோம்.

நான் கோயம்புத்தூர். என் உயரம் பேர்லயே இருக்கு. நான் டைட்டானியத்துக்குப் போனது துருவுக்காக இல்லை, எனக்கு அளவான ஃப்ரேம் கடையில கெடைக்காததுதான். சின்ன சைஸ்னு விக்கறது எல்லாம் பெரிய சைஸை இழுத்துச் சுருக்கினதுதான், மெதுவா திரும்பறப்ப ஷூ நுனி முன்வீல்ல இடிக்கும், எட்டி எட்டிப் பிடிச்சு தோள்பட்டை வலி, 300 பிரவேல ரெண்டு தடவை பாதியில நின்னிருக்கேன். டைட்டானியம் ஃப்ரேம் பண்றவங்க பல பேர் அளவு குடுத்தா அந்த அளவுக்கே கட்டித் தருவாங்க, அச்சு வார்க்க வேண்டியதில்லை, ட்யூபை வெட்டி ஒட்டறதுதானே. சீனால பாவோஜிங்கற ஊர்ல டைட்டானியம்தான் தொழிலே, ஃப்ரேம் கட்டுறவங்களும் அந்த நாட்டுல நிறைய, அமெரிக்க, ஐரோப்பிய ஃப்ரேமைவிட விலை ரொம்பக் குறைவு. நான் அப்படி ஒரு இடத்துல ஆர்டர் குடுத்தேன், வழக்கமானதைவிடச் சின்ன 650பி வீலுக்கு ஏத்த மாதிரி.

வெல்டு நல்லா இருக்கு, அண்ணன் சொன்ன மாதிரி உள்ளயும் பாத்தேன், வெள்ளிதான். ஆனா ஆர்டர் குடுக்கறவங்க ஒரு விஷயத்துல கவனமா இருக்கணும். அவங்க டிராயிங் அனுப்புவாங்க, நம்ம ஓகே சொன்னதும் அதுல என்ன இருக்கோ அதைத்தான் கட்டுவாங்க. நான் ஸ்டாக், ரீச், ஹெட் ஆங்கிள்னு ஃப்ரேமோட உயரம், நீளம், முன்பக்கச் சாய்வு எல்லாம் நாலு தடவை பாத்தேன், மட்கார்ட் மாட்டற துளை பின்னாடி இருக்கா இல்லையான்னு பாக்கலை. வந்தப்பறம் பாத்தா இல்லை. இதுல பின்னாடி துளை போடக்கூடாதுன்னு சொன்னாங்க, சரியா அண்ணே? இப்ப கிளாம்ப் போட்டு ஓட்டறேன்.

டிராயிங்ல பாட்டம் பிராக்கெட் திரெட் போட்டதா இருக்கணும், பிஎஸ்ஏ 68, அழுத்தி ஏத்தற டைப் வேண்டாம். சீட் போஸ்ட் 27.2. கேபிள் வெளியவே ஓடட்டும். அப்புறம் டிரெய்லியர் ஹேங்கர், அதான் பின் கியர் மாத்தற பாகத்தை ஃப்ரேம்ல தொங்க விடற துண்டு, கூடுதலா மூணு அந்த ஆர்டர்லயே வாங்கிடுங்க, அது அவங்க டிசைன், இங்க எந்தக் கடையிலயும் கெடைக்காது. திருச்சி பக்கத்துல ஒரு தடவை ஆம்னி பஸ் டிக்கில படுக்கப் போட்டு எடுத்துட்டு வந்தப்ப என் ஹேங்கர் வளைஞ்சது, ஃப்ரேம்ல ஒரு கீறல்தான். அந்தக் கீறலை வீட்டுல பாத்திரம் தேய்க்கற ஸ்காட்ச் பிரைட் புதுசா ஒண்ணு எடுத்து ஒரே திசையில தேய்ச்சேன், போன இடம் தெரியலை. கார்பன் ஃப்ரேமா இருந்திருந்தா அன்னிக்கு ராத்திரி தூங்கிருக்க மாட்டேன்.

அப்புறம் போன வருஷம் 600 கிலோமீட்டர் பிரவே முடிச்சேன், 38 மணி நேரத்துல. தோள்பட்டை வலிக்கலை. அளவு சரியா இருக்கறதுக்குக் குடுத்த காசுன்னுதான் நான் கணக்கு வச்சிருக்கேன்.

#8 கண்டென்சர்_வெல்டர்

சரிதான்மா, துளை போடாதீங்க. ஒவ்வொரு துளையும் விரிசல் ஆரம்பிக்கற இடம், ஃப்ரேம் கட்டறப்பவே அதுல திரெட் போட்ட சின்ன உருளை வச்சு சுத்தி வெல்டு பண்ணிக் குடுத்தா வேற விஷயம்.

600 முடிச்சதுக்கு வாழ்த்துகள். பையன்கிட்ட சொன்னேன், 40 மணி நேரம்தான் கெடுன்னு சொன்னான், எந்திரிச்சு நின்னு கை தட்டினேன்.

#9 பழைய_டவுன்ட்யூப்

அக்கா, 38 மணி நேரமா! அருமை.

கொஞ்சம் வரலாறு சேத்துக்கறேன், ஏன் இந்த உலோகம் சைக்கிளுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சா எதுக்குக் காசு குடுக்கறோம்னு புரியும். 1970கள்ல அமெரிக்காவுல டெலிடைன் டைட்டன்னு ஒரு ஃப்ரேம் வந்துச்சு, அது கலப்பில்லாத டைட்டானியம், 32எம்எம் சார் சொன்ன அந்தத் தொளதொளப்பு அதுல இருந்துச்சு. திருப்பம் வந்தது 1980கள் பாதியில. விமானத்துல ஹைட்ராலிக் எண்ணெய் ஓடற குழாய்க்குன்னு 3 சதவீதம் அலுமினியம், 2.5 சதவீதம் வனேடியம் கலந்த டைட்டானியம் குழாய் பண்ணிட்டிருந்தாங்க, தையல் இல்லாத குழாய், அதாவது நீளத்துல ஒட்டு இல்லாதது, மெல்லிசு, உறுதி. அந்தக் குழாயை எடுத்து சைக்கிள் கட்ட ஆரம்பிச்சாங்க மாசசூசெட்ஸ்ல மெர்லின், டென்னசில லைட்ஸ்பீட். கொலராடோல மூட்ஸ் ஸ்டீல்ல இருந்து டைட்டானியத்துக்கு மாறினாங்க. அந்தக் காலத்து ஃப்ரேம்ல இன்னிக்கும் ஓட்டுறவங்க இருக்காங்க, முப்பது வருஷம் தாண்டியும்.

சோவியத் உடைஞ்சப்புறம் இன்னொரு கிளை. அணு நீர்மூழ்கிக் கப்பலோட உடம்பையே டைட்டானியத்துல கட்டினவங்க அவங்க, ராணுவ ஆர்டர் நின்னதும் அங்க இருந்த சில வெல்டருங்க சைக்கிள் ஃப்ரேம் கட்ட ஆரம்பிச்சாங்க.

கடையில 6/4ன்னு ஒண்ணு சொல்வாங்க, 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம், 3/2.5ஐ விட உசத்தின்னு விலை ஏத்துவாங்க. உறுதி ஜாஸ்திதான், ஆனா அதைத் தையல் இல்லாத குழாயா இழுக்கறது கஷ்டம், பல சமயம் தகட்டைச் சுருட்டி நீளத்துக்கு வெல்டு பண்ணுவாங்க. பின்வீல் மாட்டற டிராப்அவுட் மாதிரி கடைஞ்செடுக்கற பாகத்துக்கு 6/4 சரி. குழாய்க்கு நல்ல 3/2.5 போதும், அந்தப் பேருக்காகக் கூடுதல் காசு குடுக்காதீங்க.

#10 குளச்சல்_கரை

எல்லாரும் சைனா, அமெரிக்கான்னு சொல்லுதீங்க, இந்த உலோகம் எங்க ஊர் மண்ணுல கிடக்கு. மணவாளக்குறிச்சி கடற்கரைக்கு வந்து பாத்தா மணல் கறுப்பா இருக்கும். ஒரு பிடி அள்ளினா சாதா மணலைவிட கனம் கையிலேயே தெரியும், அதுல நிறைய இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோட சேந்தது. ஐஆர்இஎல் கம்பெனி அங்கதான் பிரிச்செடுக்குது. சின்ன வயசுல ஸ்பீக்கர் காந்தத்தை மணல்ல இழுத்து மீசை மாதிரி ஒட்டுறதைப் பாத்து விளையாடுவோம், அது எதுக்கு ஆகுன்னு அப்போ தெரியாது.

அதுல பெரும்பங்கு பெயிண்டுக்குத்தான் போகுது, உங்க வீட்டுச் சுவர்ல அடிச்ச வெள்ளைல இருக்கிறது டைட்டானியம் டை ஆக்சைடு. உலோகமா எடுக்கறதுதான் கஷ்டம். லக்சம்பர்க்ல பொறந்த வில்லியம் க்ரோல் கண்டுபிடிச்ச முறைதான் இன்னிக்கும், தாதுவைக் குளோரினோட சேத்து டெட்ரா குளோரைடு திரவமாக்கி, அதை ஆர்கானுக்குள்ள வச்சு மெக்னீசியத்தால பிரிக்கணும். கடைசியில பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா ஒரு கட்டி வரும், அதுக்குப் பேரே ஸ்பாஞ்ச். அதை வெற்றிடத்துல வச்சு உருக்கணும், 1668 டிகிரி. கொல்லம் பக்கத்துல சவறாவுல 2011ல ஸ்பாஞ்ச் ஆலை வந்துச்சு, விண்வெளி வேலைக்கு.

பூமித் தோல்ல ஒம்பதாவது இடத்துல நிறைஞ்சு கிடக்கற பொருள், ஆனா விலை இவ்வளவு. காரணம் மண்ணு இல்லை, அதுலருந்து ஆக்சிஜனைப் பிரிக்கற பாடு. வெல்டர் அண்ணன் சொன்ன அதே ஆக்சிஜன்தான், எடுக்கும்போதும் தொல்லை, ஒட்டும்போதும் தொல்லை.

#11 பட்ஜெட்_பெடல்

குளச்சல் அண்ணே, கடைசி வரி அப்படியே மனசுல நின்னுடுச்சு. நான் இன்னும் அலுமினியம் பக்கம்தான், என் சம்பளத்துக்கு அதுதான் சரி, ஆனா இப்ப விலை ஏன் அப்படின்னு புரியுது. ஒரு கேள்வி, இறுகிப்போன அலுமினிய போஸ்ட்டுக்கு காஸ்டிக் சோடா ஊத்தினா கரைஞ்சிடும்னு ஒரு வீடியோல பாத்தேன், ஸ்காபரோ அண்ணன் ஏன் அதைப் பண்ணலை?

#12 ஸ்காபரோ_சைக்கிள்

யோசிச்சனான் தம்பி. அபார்ட்மென்ட் பல்கனியில பிள்ளையள் ஓடித் திரியிற இடம், அதில காஸ்டிக் சோடாவோட விளையாட மனம் வரேல்லை.

#13 கண்டென்சர்_வெல்டர்

நல்ல முடிவு எடுத்தீங்க. காஸ்டிக் அலுமினியத்தைக் கரைக்கும், உண்மைதான், சாதாரண சூட்டுல டைட்டானியத்தை ஒண்ணும் பண்ணாது. ஆனா கரையறப்ப ஹைட்ரஜன் வாயு வரும், தானா கொதிக்கற அளவு சூடாகும், மூடின ட்யூபுக்குள்ளேருந்து பீச்சி அடிச்சா கண்ணு போயிடும். வீட்டுல யாரும் பண்ணாதீங்க, ஹாக்ஸாவும் பொறுமையும் போதும்.

முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லலை, விரிசல் விட்டா எங்க போறதுன்னு. சைக்கிள் கடையில முடியாது. சாதாரண டிக் வெல்டிங் கடையிலயும் குடுத்துடாதீங்க, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பண்றவர் தைரியமா வாங்கிப்பார், உள்ள ஆர்கான் விடாம ஒட்டிக் குடுப்பார், ஒரு மாசத்துல பக்கத்துலயே உடையும். கெமிக்கல் பிளான்ட்டுக்கு டைட்டானியம் பாத்திரம், ஹீட் எக்ஸ்சேஞ்சர் பண்ற ஃபேக்டரி நம்ம நாட்டுல இருக்கு, அங்க வேலை செய்யற வெல்டரைப் பிடிக்கணும். அவங்களுக்கும் 0.9 எம்எம் ட்யூப் புதுசா இருக்கும், நாங்க தகடுல பழகினவங்க. என் பையனோட சிநேகிதன் ஃப்ரேம் ஒண்ணு பண்ணிருக்கேன், சீட் ட்யூப் மேல் விளிம்புல விரிசல். அதுக்கு வெல்டு காரணம் இல்லை, சீட் போஸ்ட்டை ரொம்ப மேல தூக்கி வச்சு, உள்ள ரெண்டு விரக்கடைதான் இருந்துச்சு, மொத்த நெம்பலும் அந்த விளிம்புல. ஒட்டினது பத்து நிமிஷம், அதுக்கு முன்னாடி அசிட்டோன் போட்டுத் துடைச்சு, முனையெல்லாம் ஃபாயில் டேப் போட்டு அடைச்சு ஆர்கான் நிரப்பவே அரை நாள். போஸ்ட் எப்பவும் டாப் ட்யூப் சேர்ற இடத்தைத் தாண்டிக் கீழ இறங்கியிருக்கணும். இதை மட்டும் பாத்துக்கிட்டா பாதி ஃப்ரேமுக்கு என்கிட்ட வேலையே வராது.

முட்டுக்காடு தம்பி, அந்தத் துருப்பிடிச்ச ஸ்டீல் ஃப்ரேமைத் தூக்கிப் போட்டுட்டீங்களா? இல்லைன்னா அந்த பாட்டம் பிராக்கெட் பக்கத்தை மட்டும் வெட்டி எனக்கு அனுப்ப முடியுமா? என்கிட்ட பழகற பசங்களுக்கு உள்ளேருந்து அரிக்கறதுன்னா என்னன்னு கையில குடுத்துக் காட்டணும், படத்துல காட்டினா ஏறமாட்டேங்குது.

#14 முட்டுக்காடு_காலை

எல்லாருக்கும் நன்றின்னு ஒரு வார்த்தைல முடிச்சுட முடியாது. ஆர்டர் குடுத்துட்டேன். பிஎஸ்ஏ 68, சீட் போஸ்ட் 27.2, கேபிள் வெளிய, முன்னும் பின்னும் மட்கார்ட் துளை (நாலு பதினொண்ணு மேடம், டிராயிங்ல சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன்), 35 எம்எம் டயர் போக இடம், ஹேங்கர் மூணு. 6/4 வேண்டாம்னு சொல்லிட்டேன். ஃப்ரேம் வர்ற வரைக்கும் நண்பரோட அலுமினிய சைக்கிள்ல 32 டயர் போட்டு ஓட்டறேன், பட்ஜெட் தம்பி, நல்லாத்தான் இருக்கு, அதை ஒத்துக்கறேன்.

#15 முட்டுக்காடு_காலை

ஆறு மாசம் ஆச்சு, அப்டேட் போடாம விட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க. ஃப்ரேம் பதினோரு வாரத்துல வந்துச்சு, டியூட்டி கட்டி எடுத்தேன். பெட்டியைப் பிரிச்சதும் முதல் வேலையா லைட்டை அணைச்சுட்டு பாட்டம் பிராக்கெட் வழியா டார்ச் அடிச்சேன். டவுன் ட்யூப் சேர்ற இடம், சீட் ட்யூப் சேர்ற இடம், எல்லாம் வெள்ளி நிறம். செயின் ஸ்டே ஒண்ணுல மட்டும் லேசா வைக்கோல் நிறம், ஃபோட்டோ எடுத்து வெல்டர் அண்ணனுக்கு அனுப்பினேன், பயமில்லாம ஓட்டுங்கன்னார்.

ஓட்டம் எப்படின்னு கேப்பீங்க. முதல் நாள் பெருசா ஒண்ணும் தோணலை, ஒரு நல்ல சைக்கிள், அவ்வளவுதான். மூணாவது வாரம் முட்டுக்காடு பாலத்துல எதிர்க்காத்து, எழுந்து நின்னு மிதிச்சப்ப கீழேருந்து எந்த முனகலும் இல்லை, அப்பத்தான் பன்னெண்டு வருஷமா ஒரு காதை எப்பவும் சைக்கிள் மேலயே வச்சு ஓட்டிருக்கேன்னு தெரிஞ்சது.

மாச முதல் ஞாயித்துக்கிழமை சீட் போஸ்ட் நாள்னு வச்சுக்கிட்டேன். நேத்து மூணாவது தடவை கழட்டினேன். பேஸ்ட் அப்படியே இருக்கு, ஆனா சீட் ட்யூப் மேல கிளாம்ப் இறுக்கறதுக்குன்னு விட்டிருக்கற பிளவு பக்கம் மட்டும் போஸ்ட்ல ஒரு அங்குலத்துக்கு வெள்ளையா மாவு மாதிரி, நகத்தால சுரண்டினா வருது. மூணே மாசத்துல. ஸ்காபரோ அண்ணே, நீங்க சொல்லலைன்னா நான் அதைக் கழட்டியே இருக்க மாட்டேன். பழைய டயர் ட்யூபை வெட்டி அந்தப் பிளவு மேல ஒரு ரப்பர் பட்டை போட்டிருக்கேன், அடுத்த மாசம் பாத்துட்டு எழுதறேன்.

பழைய பாட்டம் பிராக்கெட் துண்டு புதன்கிழமை கொரியர்ல போட்டாச்சு அண்ணே, ஓட்டை விழுந்த பக்கம் கூர்மையா இருக்கு, பசங்களைக் கையுறை போட்டுப் பிடிக்கச் சொல்லுங்க.

வர்ற சனிக்கிழமை மரக்காணம் போறேன், உப்பளம் வரைக்கும் போய்ட்டு திரும்பல். சேர்ந்து வர்றவங்க காலைல நாலரைக்குத் திருவான்மியூர் சிக்னல்கிட்ட வந்துடுங்க, பின்னாடி லைட் கட்டாயம்.